பின்பக்க ஏர் சஸ்பென்ஷன் ராத்திரியில இறங்குது: ஊட்டிக் குளிரா, லீக்கா?

லவ்டேல்வாசி:

வணக்கம். 2014 மாடல் ஜெர்மன் எஸ்யூவி. முன்னால காயில் ஸ்பிரிங், பின்னால மட்டும் ஏர் பெல்லோ (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்து அடைச்ச ரப்பர் பை). காத்து சேமிக்கிற டேங்க் கிடையாது. கம்ப்ரசர்ல இருந்து வால்வு பிளாக் (ஒவ்வொரு பக்கத்துக்கும் காத்தைத் திறந்து மூடுற வால்வுகள் இருக்கிற பாகம்), அங்கிருந்து நேரா ரெண்டு பெல்லோவுக்கு லைன். டிசம்பர்ல உறைபனி ஆரம்பிச்சதுல இருந்து காலைல பாத்தா ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, 4 செ.மீ. இறங்கியிருக்குது. ஸ்டார்ட் பண்ணினா கம்ப்ரசர் ரொம்ப நேரம் ஓடித்தான் தூக்குது. குன்னூர்ல இருந்து ஏறி வரும்போது எல்லநள்ளிகிட்ட சஸ்பென்ஷன் எச்சரிக்கை வந்துச்சு, நிறுத்தி ஆற விட்டதும் போயிருச்சு.

ஒரு ஒர்க்‌ஷாப்ல கம்ப்ரசர் மாத்தணும்கிறாங்க. இன்னொரு மெக்கானிக், ரெண்டு பக்கமும் ஒண்ணா இறங்குறதால வால்வு பிளாக்தான்கிறார். ஜாக்கில தூக்கி சோப்புத் தண்ணி அடிச்சுப் பாத்தாச்சு, குமிழி வரல. எங்கிருந்து ஆரம்பிக்கிறதுங்க?

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:

சார், லீக் எங்கன்னு தெரியாம கம்ப்ரசர் வாங்காதீங்க. லீக் இருக்கிற வரைக்கும் புதுக் கம்ப்ரசரும் இதே மாதிரி மூச்சு வாங்கித்தான் ஓடும், சீக்கிரமே தேஞ்சு போகும்.

ரெண்டு பக்கமும் சமமா இறங்கினா ரெண்டும் லீக்னு அர்த்தம் இல்லை. பல வண்டிகள்ல பூட்டின பிறகும் கன்ட்ரோல் யூனிட் அப்பப்போ முழிச்சு உயரம் பாக்கும். ஒரு பக்கம் இறங்கியிருந்தா, வண்டி சாயாம இருக்க நல்ல பக்கத்துக் காத்தையும் திறந்து விட்டு சமமாக்கும். காலைல பாக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கமும் கெட்ட மாதிரி தெரியும். அதனால சோதனைக்கு முன்னாடி சஸ்பென்ஷன் ஃப்யூஸைக் கழட்டுங்க. சில வண்டிகள்ல கம்ப்ரசருக்குப் பெரிய ஃப்யூஸ், கன்ட்ரோல் யூனிட்டுக்குச் சின்ன ஃப்யூஸ்னு தனித்தனியா இருக்கும். ரெண்டையும் எடுக்கணும். கம்ப்ரசரை மட்டும் நிறுத்தினா காத்தை வெளியே விடுற வேலை நடந்துட்டே இருக்கும்.

அளக்கிற இடம் முக்கியம். நம்ம மலையில சமதளம் கிடைக்கிறது கஷ்டம், பரவாயில்ல. ஆனா வண்டியை நகர்த்தாம அதே இடத்துல ராத்திரியும் காலையும் அளக்கணும். வீல் நடு மையத்துல இருந்து மேல வீல் ஆர்ச் விளிம்பு வரைக்கும் டேப் வைங்க. தரையில இருந்து அளந்தா டயர் காத்தும் கணக்குல சேர்ந்துக்கும். நாலு வீலையும் எழுதுங்க, முன்பக்கம் காயில்ங்கிறதால அது மாறாம இருக்கான்னு ஒரு சரிபார்ப்பாவும் ஆகும்.

ஃப்யூஸ் இல்லாம ஒரு பக்கம் மட்டும் இறங்கினா அந்தப் பக்கத்து பெல்லோ, லைன், இல்ல வால்வு பிளாக்ல அந்தப் பக்கத்து வால்வு. ரெண்டுமே நல்லா இறங்கினாத்தான் ரெண்டு பெல்லோவையும், வால்வு பிளாக் முழுசையும் சந்தேகப்படணும். கொஞ்சமும் இறங்காம, வண்டி ஓடும்போது மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்தா லீக்கே இல்லை. உயரத்தை அளக்கிற ஹைட் சென்சரோட சின்ன லிங்க் ராடு வளைஞ்சோ, பந்து மூட்டு துருப்பிடிச்சோ இருக்கும்.

ஜாக்கில தூக்கி சோப்புத் தண்ணி அடிச்சதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. பெல்லோ ரப்பர் கீழ பிஸ்டன் மேல மடிஞ்சு உருளும். வெடிப்பு விழுறது அந்த மடிப்புலதான். வீல் தொங்கினா மடிப்பு வேற இடத்துக்குப் போயிடும், வெடிப்பு மூடிக்கும். வண்டி நாலு வீல்ல நின்னு, சாதாரண உயரத்துல இருக்கும்போது குழியிலயோ நாலு தூண் லிஃப்ட்லயோ பாருங்க. அரை லிட்டர் தண்ணில ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவுற திரவம் போதும். முதல்ல வெறும் தண்ணி பீச்சி மடிப்புல இருக்கிற செம்மண்ணைக் கழுவுங்க, அப்புறம் சோப்பு. சின்ன லீக்குக் குமிழி வர ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அவசரப்படாதீங்க. பெல்லோ மேல லைன் சேர்ற இடம், வால்வு பிளாக் கனெக்‌ஷன், ட்ரையர்ல (கம்ப்ரசர் காத்தோட ஈரத்தை உறிஞ்சுற பாகம்) காத்து வெளியேறுற துளை, மூணையும் விடாதீங்க.

ஜாக்கியை மட்டும் நம்பி வீல் ஆர்ச்சுக்குள்ள தலையோ கையோ விடாதீங்க. பெல்லோ காத்து போனா பாடி சட்டுனு உக்காரும். சேசிஸ்ல ஸ்டாண்டு கட்டாயம்.

கட்டபெட்டு டீசல்:

மேல சொன்னதெல்லாம் சரி. உயரமும் குளிரும் இந்த அளவுல எவ்வளவு கலக்கும்னு சொல்லிடறேன்.

ஓடி வந்து நிறுத்தும்போது பெல்லோ உள்ளே 20 டிகிரின்னு வைங்க, விடியக்காலம் 2 டிகிரி. கெல்வின்ல 293ல இருந்து 275, அதாவது 6 சதவீதம். மேல பாரம் மாறலைங்கிறதால அழுத்தம் அப்படியே இருந்து கன அளவுதான் சுருங்கும். அது வீல் ஆர்ச்ல சுமார் 1 செ.மீ.யாத் தெரியும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அது கோளாறு இல்லை. 4 செ.மீ. குளிரால மட்டும் வராது.

குளிர்ல ரப்பரும் ஓ-ரிங்கும் இறுகும். கோயம்புத்தூர் வெயில்ல மூடியிருக்கிற வெடிப்பு இங்க திறந்துக்கும். கீழே உள்ள ஒர்க்‌ஷாப்புல பகல்ல பாத்து 'லீக் இல்லை'ன்னு சொன்னா அதை முடிவா எடுத்துக்காதீங்க.

கம்ப்ரசர் சூடானதுக்கும் காரணம் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர். காத்தழுத்தம் மேட்டுப்பாளையத்தைவிட ஏறக்குறைய ஐந்துல ஒரு பங்கு குறைவு. ஒரு சுத்துக்கு அவ்வளவு குறைவாத்தான் காத்து உள்ள போகும், தூக்க வேண்டிய பாரம் அதேதான். அதனால ஓடுற நேரம் கூடும், சூடு ஏறும், கன்ட்ரோல் யூனிட் நிறுத்தி எச்சரிக்கை போடும். ஆற விட்டதும் போச்சுன்னா கம்ப்ரசர் இன்னும் உயிரோட இருக்குன்னுதான் அர்த்தம்.

லவ்டேல்வாசி:

ரெண்டு பேருக்கும் நன்றி. ரெண்டு ஃப்யூஸையும் எடுத்துட்டு அளந்தாச்சு. இடது 9 மி.மீ., வலது 61 மி.மீ. முன்பக்கம் மாறவே இல்ல. வலது பெல்லோவா, வலது வால்வான்னு எப்படிப் பிரிக்கிறது?

மேட்டுப்பாளையம் ஸ்பேனர்:

இடது குளிர்தான், விட்டுடுங்க.

வலது லைனை வால்வு பிளாக்ல கழட்டுங்க. மெல்ல, கால் கால் சுத்தா; காத்து சீறி முடியட்டும், பாடி இறங்கும், கீழ யாரும் இருக்கக் கூடாது. லைனோட வெளி விட்டத்தை அளந்து அதுக்கேத்த புஷ் கனெக்டரும் (லைனைத் தள்ளினா பிடிச்சுக்கிற இணைப்பு), மறுமுனைல டயர் வால்வும் வாங்குங்க. கோயம்புத்தூர் நியூமேட்டிக் கடைகள்ல கிடைக்கும். பின்பக்கப் பாடியை ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டு வச்சு, பெல்லோவுக்குக் கொஞ்சம் காத்து விட்டு மடிப்பு ஒழுங்கா உருண்டிருக்கான்னு பாத்துட்டு இறக்குங்க. அப்புறம் டயர் பம்ப்ல வழக்கமான உயரம் வரைக்கும் ஏத்தி நிறுத்துங்க. மீட்டரைவிட உயரத்தைப் பாருங்க. ராத்திரி அப்படியே விடுங்க. இறங்கினா பெல்லோவோ லைனோதான் லீக். நின்னா வால்வு பிளாக்.

மாத்துறதா இருந்தா ரெண்டு பெல்லோவையும் சேர்த்து மாத்துங்க. இடதுக்கும் அதே வயசு. பழைய லைன் நுனியைப் புது பிளேடால நேரா வெட்டுங்க. சாய்வா வெட்டினா அதுவே அடுத்த லீக். புது பெல்லோவோட வர்ற ஃபிட்டிங்கைப் பிரிக்காம அப்படியே திருகணும், கையால இறுகினதும் லேசாத்தான். பிளாஸ்டிக் மரை, அழுத்தினா போயிடும். லைன்ல டேப் ஒட்டி அடையாளம் வச்சு, முட்டுற வரைக்கும் தள்ளி, ஒருதடவை இழுத்துப் பாருங்க.

பெல்லோவோட மேல உள்ள குமிழும் கீழ உள்ள குழியும் சரியா உக்காரணும், ரப்பர் முறுக்கிக்கக் கூடாது. வீல் தொங்கும்போதே 2, 3 பார் ஏத்தி மடிப்பு வடிவம் வந்த பிறகுதான் வண்டியை இறக்கணும். காலியா இறக்கினா ரப்பர் நசுங்கி புது பெல்லோ அன்னைக்கே போகும். இந்த வேலையில பணம் போறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். கீழ் ஆர்ம் போல்ட் கழட்டியிருந்தா, கடைசி இறுக்கம் வண்டி சாதாரண உயரத்துல நிக்கும்போதுதான், இல்லன்னா ஆர்ம் மூட்டுல இருக்கிற ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியும். பெல்லோ மட்டும் மாத்தினா பொதுவா உயரம் திரும்ப செட் பண்ண வேண்டியதில்லை. சென்சரோ கன்ட்ரோல் யூனிட்டோ மாத்தினா ஸ்கேனர்ல செட் பண்ணியே ஆகணும்.

கேத்தி கியர்:

பெல்லோவை எடுத்துட்டு பின்னாலயும் காயில் கிட் போட்டுட்டா தொல்லை விடுமே?

கட்டபெட்டு டீசல்:

காயில் போட்டா காலியா இருக்கும்போது பின்பக்கம் உயர்ந்து குதிக்கும், ஆளும் சாமானும் ஏறினா தாழும். கொண்டை ஊசி வளைவுகள்ல அது நல்லா தெரியும். எச்சரிக்கையை அணைக்க கன்ட்ரோல் யூனிட்டோட மென்பொருள்ல கோடிங்கும் வேணும். பெல்லோ கிடைக்கிற வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன்.

லவ்டேல் சார், பெல்லோ மாத்தும்போதே கம்ப்ரசர் ரிலேவையும் மாத்திடுங்க. விலை கம்மி. அதிக நேரம் ஓடி ஓடி அதோட கான்டாக்ட் ஒட்டிக்கிச்சுன்னா கம்ப்ரசர் நிக்காம ஓடி எரிஞ்சு போகும். ட்ரையர்ல காத்து வெளியேறுற துளையில ஈரம், வெள்ளைப் பொடி தெரிஞ்சா உள்ளே ஈரம் உறிஞ்சுற சிலிக்கா உடைஞ்சு தண்ணி தேங்குது. அது வால்வு பிளாக்குக்குப் போனா உறைபனில வால்வு ஒட்டும். அப்ப ட்ரையரையும் மாத்துங்க.

பார்ட்ஸ் வர்ற வரைக்கும், பின்பக்கம் முழுசா உக்காந்திருந்தா வண்டியை நகர்த்தாதீங்க. மடிப்பு நசுங்கும், டயர் ஆர்ச்ல உரசும், ஹெட்லைட் மேல நோக்கி மூடுபனில எதிர்ல வர்றவங்க கண்ணைக் கூசும். எழும்பின பிறகே கிளம்புங்க, பாரம் ஏத்தாதீங்க. ராத்திரி நிறுத்தும்போது ஃப்யூஸை எடுத்து வச்சா இடது பெல்லோவோட காத்தாவது மிஞ்சும், காலைல கம்ப்ரசருக்குப் பாதி வேலைதான்.