புதுப்பிப்பு: உரச்சாக்குப் பிளாஸ்டிக்கில் களிமண் சேர்த்த பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பட்டறை செம்பனைத் தோட்டத்து உரச்சாக்குகளை உருக்கி நாற்றுத் தட்டு செய்கிறது. வளைத்தால் தட்டின் விளிம்பு ஏடு ஏடாக உரிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். வெளிச்சாக்கு பாலிப்ரொப்பிலீன், உள்ளுறை பாலிஎத்திலீன். உருகினாலும் இரண்டும் ஒட்டாது. ஒன்றுக்குள் மற்றொன்று துளிகளாகவே நிற்கும். நானோ களிமண்ணைச் சேர்த்துப் பாருங்கள் என்றீர்கள். சேர்த்தோம், நல்ல பலன்!

ஏதோ ஒரு மண்ணைப் போட்டால் உதவாது. மோண்ட்மோரில்லனைட் என்ற களிமண்ணின் ஒவ்வோர் ஏடும் சுமார் 1 நானோமீட்டர் தடிமன்தான். ஆனால் அது நீரை விரும்பும், பிளாஸ்டிக்கை விலக்கும். ஏடுகளுக்கு இடையிலுள்ள சோடியத்தை மாற்றி, பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகும் நீண்ட கரிமவால் (கார்பன் சங்கிலி) கொண்ட அம்மோனியத்தைப் புகுத்திய வகையைத்தான் வாங்க வேண்டும். கூடவே மலெயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை இணைத்த பாலிப்ரொப்பிலீனும் கொஞ்சம் தேவை. அதுவே ஏடுகள் பிரிந்து பரவ உதவுகிறது. இரு பிளாஸ்டிக்கும் சந்திக்கும் எல்லையில் ஏடுகள் படிந்தால் துளிகள் ஒன்றுசேர்ந்து பெருப்பதில்லை.

இப்போது விளிம்பை வளைத்தால் மடிப்பு வெளுக்கிறது, உரிவதில்லை. தட்டும் விறைப்பாக நிற்கிறது. களிமண் எடையில் 3 சதவீதம் போதும். அள்ளிப் போட்டால் கட்டிகளாகி, அங்கேதான் முதலில் விரிசல் விடும். அம்மோனியம் 200 டிகிரி செல்சியஸை ஒட்டியே சிதையத் தொடங்குவதால் சூட்டை அதற்குக் கீழே வைக்கிறோம்.

இதே வழியில் இறங்குபவர்களுக்கு ஒன்று: இந்தக் களிமண் வெயிலில் பாலிப்ரொப்பிலீன் சிதைவதை விரைவுபடுத்தும். நாற்றங்காலுக்குப் போகும் தட்டென்றால் புற ஊதாக் கதிர்த் தடுப்பானையும் மறக்காமல் சேருங்கள்.