'எஸ்டேட் பிளான்' என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். மூத்த குடிமக்களுக்கான சட்ட வகுப்பொன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்; நானோ தலைப்பிலேயே நின்றுவிட்டேன். தமக்குப் பின் தம் உடைமைகள் யாருக்கு, எப்படிப் போக வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே வகுப்பதே எஸ்டேட் பிளான்; ஆனால் எஸ்டேட் என்றால் நம்மவர்களுக்கு வால்பாறைத் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். 'உயில்' என்று சுருக்கவும் வழியில்லை. நிறுவனப் பங்குகளுக்கு நாமினியாகப் பெயர் பதிவதால் மட்டும் ஒருவர் அவற்றின் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் கூறியது போன்ற செய்திகளும் கையேட்டில் உள்ளன. 'சொத்துத் திட்டம்' என்றால் மனை விற்பனை விளம்பரம் போலிருக்கிறது.

தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, சொல்லைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. மரபுரிமையாக வரும் சொத்தே தாயம்; 'தாயத்தின் அடையா' என்பது தொல்காப்பியப் பொருளியல். கரிகாலனைப் பொருநராற்றுப்படை 'தாய்வயிற் றிருந்து தாய மெய்தி' என்று, தாய் வயிற்றிலிருந்தே உரிமை பெற்றவனாகப் பாடுகிறது. உயில் எழுதாதவர் இறக்கும்போது கருவிலிருந்து, பின்னர் உயிருடன் பிறக்கும் குழந்தைக்கும் பங்கு உண்டு என்று 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 20ஆம் பிரிவில் விரித்துரைப்பதை இந்த ஓரடி சொல்லிவிடுகிறதே! தாயம் வடசொல் என்பார் உளர். தாய்வழி வந்த உரிமையே தாயம் என்பது என் துணிபு. ஆங்கில 'வில்' திரிந்து வந்த உயிலை 'உய்' என்னும் வேரோடு ஒட்டவைக்கும் விளையாட்டில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஆகவே, 'தாயத் திட்டம்'.

ஆவண எழுத்தர் எழுதியது:

ஐயா பொறுத்தருள்க. தாயம் என்றதும் என்னிடம் வருவோர் தாயக்கட்டையைத்தான் நினைப்பார்கள். பங்காளிகள் ஆடும் ஆட்டம் என்ற அளவில் அது பொருத்தமாகவும் இருக்கலாம். 'சொத்து ஏற்பாடு' என்றும் எழுதிவிடாதீர்கள். பதிவு அலுவலகத்தில் ஏற்பாடு என்றால் செட்டில்மெண்ட் பத்திரம். அதில் உரிமை உடனே கைமாறும், உயிலோ எழுதியவர் இறந்த பின்பே நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். 'பின்னுரிமை' முன்னுரிமைக்கு எதிர்ச்சொல்லாகிவிடும். 'உடைமை ஒழுங்கு' என்று வைத்துக்கொள்ளலாமே.

தலைப்பைவிட என்னை உறுத்துவது, உங்கள் கையேட்டின் முன்வரைவில் உயிலை மாற்றுவதற்கு இட்டுள்ள 'புதுப்பித்தல்' என்னும் சொல். ஓட்டுநர் உரிமம் போல உயிலும் காலாவதியாகும் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். உயிலை மாற்றவைப்பது நாட்காட்டி அன்று, குடும்பத்தில் நேரும் மாற்றம். கிறித்தவர் ஒருவர் உயில் எழுதிய பின் மணம் செய்துகொண்டால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி அந்த உயில் செல்லாது. இந்துக்களுக்கு அவ்விதி இல்லை. பிள்ளையில்லாத இந்துக் கைம்பெண் உயில் எழுதாமல் இறந்தால், தன் சம்பளத்தில் அவர் வாங்கிய வீடுகூட, பெற்றோர் உயிரோடிருந்தாலும், முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். இதைக் கேட்ட பிறகே உயில் எழுத உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 'திருத்தி எழுதுதல்' என்றே போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

'திருத்தி எழுதுதல்' என்பதை அப்படியே ஏற்கிறேன். தலைப்பைப் பொறுத்தவரை, தனிமடலில் எழுதிய மூவரும் 'உடைமை ஒழுங்கு' என்கிறார்கள். அதில் ஒருவர், "எதுவானாலும் சரி, முடித்துவிடுங்கள்" என்றும் சேர்த்திருக்கிறார்.

தமிழாசிரியர் எழுதியது:

அலமாரியை அடுக்கிவைப்பது போல ஒலிக்கிறது. அச்சிடுங்கள், தடுக்கவில்லை; பொருநராற்றுப்படை அடியையாவது முகப்பில் போடுங்கள்.