மேஜர் மனைவி என்று சொல்லிக்கொண்ட டீச்சர்

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் கனடாவின் ஹாலிஃபாக்ஸிலிருந்து வணக்கம்.

போன வாரம் மருமகள் இங்கே ஒரு கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனாள். அதன் பெயர் அன்னா லியோனோவன்ஸ் கலைக்கூடம். சயாம் (இன்றைய தாய்லாந்து) அரண்மனையில் ராஜா பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன அதே அன்னாதான். கனடாவில் அவர் பெயர் எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். அதிலிருந்து அந்த அம்மா மனதை விட்டுப் போகவில்லை.

என் கணவர் பட்டாளத்தில் இருந்த 22 வருஷத்தில் நாங்கள் ஒன்பது ஊர் மாறினோம். நான் டீச்சர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புது ஊருக்குப் போனதும் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "உங்க வீட்டுக்காரர் என்ன ரேங்க்?" அதைப் பொறுத்துத்தான் நாற்காலியே கிடைக்கும். அதனால்தான் அன்னா சொன்ன பொய்யை என்னால் சட்டென்று குறை சொல்ல முடியவில்லை.

தான் வேல்ஸில் பிறந்ததாகவும், கணவர் ஒரு மேஜர் என்றும், புலி வேட்டைக்குப் போன இடத்தில் வெயில் தாக்கி இறந்தார் என்றும் அவர் சொல்லி வந்தார். உண்மையில் அவர் 1831இல் அகமத்நகரில் பிறந்தவர். அப்பா படையில் சார்ஜென்ட், மகள் பிறக்கும் முன்பே இறந்துவிட்டார். 1849 கிறிஸ்துமஸ் அன்று புனேயில் கல்யாணம், மாப்பிள்ளை எழுத்தர். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த், அங்கிருந்து பினாங்கு. முதல் இரண்டு குழந்தைகளும் கைக்குழந்தையிலேயே இறந்தன. 1859இல் பினாங்கில் கணவரும் இறந்தார். அப்போது அந்தக் கணவர் ஒரு ஹோட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புலியும் இல்லை, மேஜரும் இல்லை.

27 வயது, இரண்டு சின்னக் குழந்தைகள், கையில் படிப்பு மட்டும். சிங்கப்பூரில் அதிகாரிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். எழுத்தரின் விதவை, அதுவும் இந்தியாவில் பிறந்தவள் என்றால் அந்த வீடுகளிலிருந்து பிள்ளைகளை அனுப்பியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

1862இல் சயாம் மன்னர் மோங்குட் அழைத்தார். ஆங்கிலமும் அறிவியலும் போதும், மதம் மாற்றுகிற வேலை வேண்டாம் என்று முன்பே எழுதிவிட்டார். அன்னா மகளை இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு, மகன் லூயிஸோடு பாங்காக் போய் ஐந்து வருஷத்துக்கு மேல் பாடம் நடத்தினார். மகளைப் பிரிந்து கப்பல் ஏறிய அந்த நாளை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நானும் மூத்தவனை விடுதியில் விட்டுவிட்டு ரயில் ஏறியவள்தான்.

ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. சயாம் பற்றிப் பின்னால் எழுதிய புத்தகங்களில் அன்னா, மோங்குட்டைக் கொடூரமானவராகக் காட்டியிருக்கிறார். 27 வருஷம் துறவியாக இருந்து, வானியல் கற்று, 1868 ஆகஸ்ட் சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொன்ன மனிதர் அவர். தாய்லாந்து மக்கள் மனம் நொந்தது நியாயம். அதேபோல, அன்னாவின் மாணவரான மோங்குட்டின் மகன் சுலாலங்கோர்ன் பின்னால் மன்னராகி அடிமை முறையை ஒழித்ததற்கும் அன்னாவையே முழுக் காரணமாகச் சொல்ல மாட்டேன். 1874இல் தொடங்கி 1905 வரை படிப்படியாக நடந்த வேலை அது. சுலாலங்கோர்னுடைய பொறுமைதான் அதில் பெரிது.

அப்புறம் ஹாலிஃபாக்ஸ். வங்கிக்காரரான தன் மருமகன் வீட்டோடு இங்கே வந்த அன்னா, சும்மா இருக்கவில்லை. 1887இல் இங்கே கலைப் பள்ளி தொடங்கியவர்களில் முன்னால் நின்றார். அது இன்று பல்கலைக்கழகம். நாங்கள் போன கலைக்கூடம் அதனுடையதுதான். அன்று சுவர் முழுக்க மாணவர்களின் ஓவியங்கள். இதற்கு எந்த மேஜரும் தேவைப்படவில்லை, பாருங்கள்.

1915இல் மாண்ட்ரியாலில் இறந்தார். மவுண்ட் ராயல் கல்லறையில் அவர் கல்லில் இன்றும் "மேஜரின் அன்பு மனைவி" என்றுதான் இருக்கிறதாம். அடுத்த மாதம் மகனோடு மாண்ட்ரியால் போகிறேன். அந்த டீச்சருக்கு ஒரு பூ வைத்துவிட்டு வரவேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சரக்கா