நல்லமிளகுக் கொடியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்
அண்ணன்மாரே, அக்காமாரே, திருவட்டாறு பக்கம் வீட்டுக்குப் பின்னால் அயினி மரத்தில் பன்னியூர்-1 ரக நல்லமிளகுக் கொடியை ஏற்றியிருக்கிறேன். நன்றாகத்தான் பிடித்தது. இந்த மழையில் தரையை ஒட்டிய இலைகளில் கறுப்புப் புள்ளி. ஓரம் நூல்நூலாக விரிகிறது. அப்புறம் இலை பச்சையாகவே உதிர்கிறது. வாடல் நோய்தான் என்று பயமாக இருக்கிறது. நம்ம ஊரில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மண் காய நேரமே இல்லை.

கொடியின் மூட்டில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட்டேன். பூஞ்சை நோய்க்கு ஊற்றும் 1% போர்டோ கலவைக்கு 100 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), சுண்ணாம்பு தலா ஒரு கிலோ. எனக்கு 10 லிட்டரே போதும். மார்த்தாண்டத்தில் துத்தம் 100 கிராம் சில்லறையாக எங்கே கிடைக்கும்? போர்டோ ஊற்றியபின் எத்தனை நாள் கழித்து டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) போட்டீர்கள்? 500 ரூபாய்க்குள் முடிய வேண்டும். கொடி போய்விடக் கூடாது, செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.