சைக்கிள் டைம் 6.40, ஆனா ஷிஃப்ட்டுக்கு 42 பீஸ்தான் வருது

வாளையாறு_டர்னிங்:
பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டுல, மத்தவங்க ஆர்டருக்கு மெஷினிங் பண்ணித் தர்ற சின்ன ஜாப் வொர்க் ஷாப்புங்க. கோயம்புத்தூர் பார்ட்டிக்கு காஸ்ட் அயர்ன் மோட்டார் பிராக்கெட் ஓடுது. சிஎன்சி லேத், ஃபானுக் கன்ட்ரோல், பீஸைப் பிடிக்க மூணு ஜா (தாடை) உள்ள ஹைட்ராலிக் சக். சைக்கிள் 6 நிமிஷம் 40 செகண்ட். சாப்பாடு, டீ போக ஷிஃப்ட்டுல 450 நிமிஷம் இருக்கு, 67 பீஸ் வரணும். வர்றது 42. ஃபேஸிங் (முகப்பைத் தட்டையா வெட்டறது) 160 மிமீ விட்டத்துல இருந்து 60 வரைக்கும் ஜி97 எஸ்400, அதாவது மாறாத 400 ஆர்பிஎம், ஃபீட் சுத்துக்கு 0.25 மிமீ. பேரிங் உக்கார்ற துளை (போர்) 52 மிமீ, எச்7 டாலரன்ஸ், ஒவ்வொரு பீஸையும் கேஜ் போட்டுப் பாத்துட்டுத்தான் அடுத்ததை ஓட்டறோம். முதல்ல முரட்டா வெட்டற ரஃபிங் இன்சர்ட் (மாத்திக்கற வெட்டு முனை) சிஎன்எம்ஜி 120408, 12 பீஸுக்குள்ள மூக்கு போயிடுது. ஸ்பீடை ஏத்தலாமுங்களா?

கணபதி_டூல்ரூம்:
இப்போதைக்கு ஸ்பீடைத் தொடாதீங்க. 42 பீஸ் ஓடுனதுக்கு 280 நிமிஷம் ஆச்சு. பாக்கி 170 நிமிஷம் ஸ்பிண்டில் சும்மா நின்னிருக்கு, அதாவது பீஸுக்கு 4 நிமிஷம். வெட்டறதுல 30 செகண்ட் மிச்சம் பண்ணினாலும் அந்த 4 நிமிஷம் அப்படியே இருக்கும். கதவு திறந்ததுல இருந்து சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கற வரைக்கும் எவ்வளவு ஆகுது, எதனாலன்னு ஒரு ஷிஃப்ட் பூரா குறிச்சு வைங்க.

கண்டிப்பா முதல்ல வர்றது அந்த கேஜ்தான். அடுத்த பீஸ் ஓடற நேரத்துல முந்தின பீஸை அளங்க. சூட்டோட அளந்தா அளவும் பொய் சொல்லும். 52 போர்ல 15 டிகிரி கூட இருந்தா கிட்டத்தட்ட 8 மைக்ரான் பெருசாக் காட்டும். எச்7-ல உங்களுக்கு இருக்கறதே 30 மைக்ரான். ஆபரேட்டர் அதைப் பாத்து வேர் ஆஃப்செட்டை (டூல் தேய்மானத்துக்குக் கன்ட்ரோல்ல கொடுக்கற திருத்தம்) குறைப்பார், ஆறினதும் பீஸ் டைட். ரெண்டு பீஸ் தொடர்ந்து அளவு ஒரே பக்கம் போனாத்தான் ஆஃப்செட்டைத் தொடணும்னு சொல்லி வைங்க. காலையில 15 நிமிஷம் வார்ம்-அப் ஓட்டாம முதல் பீஸ் போடவே வேண்டாம்.

காஸ்டிங் பிசிறு தட்டற வேலை மெஷின்கிட்ட நடக்குதா? அதை ஹெல்பர் முன்கூட்டியே முடிச்சு ட்ரேயில அடுக்கணும்.

சித்தூர்_விஎம்சி:
ப்ரோகிராமைப் பத்தி. ஃபேஸிங்குக்கு ஜி97 வேஸ்ட். 160 விட்டத்துல நிமிஷத்துக்கு 200 மீட்டர் வெட்டு வேகம் கிடைக்குது, 60-க்கு வர்றப்ப அதுவே 75 தான். 50 மிமீ நகர 30 செகண்ட். வெட்டு வேகத்தை மாறாம வெச்சுக்கற ஜி96 எஸ்180 போட்டா ஆர்பிஎம் 358-ல இருந்து 955 வரைக்கும் தானா ஏறி, 23 செகண்ட்ல முடியும். வெளி விட்டத்துல வேகம் இப்ப இருக்கறதை விடக் குறைவு, அதனால இன்சர்ட்டுக்கும் நல்லது. மேல, ஆர்பிஎம் 1200-ஐத் தாண்டாம தடுக்கற ஜி50 எஸ்1200 கண்டிப்பா இருக்கணும். பேலன்ஸ் இல்லாத காஸ்டிங், ஆர்பிஎம் ஏற ஏற ஜாவோட பிடியும் குறையும்.

டூல் மாத்தறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஜி28-ல ஹோமுக்கு அனுப்பறீங்கன்னா அதையும் நிறுத்துங்க. டூல் மாட்டியிருக்கற டரட்ல நீளமான போரிங் பார் ஜாவைத் தொடாத இடமாப் பாத்து டரட்டைத் திருப்பி டூல் மாத்தலாம். முதல் பீஸ் சிங்கிள் பிளாக்ல (ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி), ரேபிட் (வெட்டாம நகர்ற வேகம்) 25 சதவீதத்துல மட்டும்.

வாளையாறு_டர்னிங்:
பிசிறு மெஷின்கிட்டதாங்க தட்டறாங்க, மாத்திடறேன். இன்சர்ட்டுக்கு என்ன பண்ணலாம்? முதல் கட் 0.8 தான் கொடுக்கறோம், அலவன்ஸ் 3 மிமீ. இன்னொண்ணு, போர் கேஜ்ல ஓகே ஆன பீஸ்லயே பேரிங் இறுகுதுன்னு திரும்பி வருது.

கணபதி_டூல்ரூம்:
அந்த 0.8 தான் மூக்கைத் திங்குது. காஸ்டிங் தோல்ல மணலும் கெட்டியும் இருக்கும். மூக்கு ஆரமும் 0.8, வெட்டும் 0.8-னா மூக்கு முழுக்க அந்தத் தோலுக்குள்ளயே உரசிக்கிட்டுப் போகும். ஒரே பாஸ்ல 2.5 எடுத்து தோலுக்கு அடியில போயிடுங்க, ஃபினிஷுக்கு 0.5 விடுங்க. கூலன்ட் விட்டா நிறைய விடுங்க, இல்லைன்னா சுத்தமா நிறுத்துங்க. விட்டு விட்டு அடிச்சா இன்சர்ட்ல விரிசல் விழும். அப்பவும் குறிப்பிட்ட ஒரு மூலையில மட்டும் உடைஞ்சா அங்க அரத்தை வெச்சுப் பாருங்க. அரம் வழுக்கினா சில் அடிச்சிருக்கு, அதாவது வேகமா ஆறி அந்த இடம் கெட்டியாயிருக்கு, ஃபவுண்டரிக்குத் திருப்பி அனுப்புங்க.

பேரிங் இறுகறது சக் பிரஷர் மாதிரி தெரியுது. மூணு ஜா அமுக்கினா போர் மூணு மேடாத்தான் வளையும். ரெண்டு முனை கேஜ் அதுல எப்படித் திருப்பினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் காட்டும், ஏமாந்துடுவீங்க. மூணு முனை போர் மைக்ரோமீட்டரை வெச்சுப் பாத்துட்டு, 60 டிகிரி திருப்பி மறுபடியும் பாருங்க. வித்தியாசம் வந்தா, பீஸுக்குத் தகுந்தபடி வெட்டிக்கற சாஃப்ட் ஜாவை ஓட்டற பிரஷர்லயே ரிங் பிடிச்சு, பீஸ் விட்டத்துக்குச் சரியாப் போர் பண்ணுங்க. ஃபினிஷ் போருக்கு பிரஷரையும் குறைங்க.

சித்தூர்_விஎம்சி:
சாஃப்ட் ஜாக்கு நம்பர் பஞ்ச் பண்றதோட பெயின்ட்டும் அடிச்சிடுங்க. உங்க பக்கம் ஆபரேட்டர் மலையாளி, ஹெல்பர் வடக்க இருந்து வந்தவர்னு இருக்கும், எழுதி ஒட்டறதை யாரும் படிக்கறதில்லை. சிவப்பு ஜா சிவப்புக் கோட்டுக்கு நேரான்னு பாத்துப் போட்டுக்குவாங்க. ஜா இடம் மாறினா ரன்-அவுட் (பீஸ் மையம் விட்டு ஆடறது) வந்து மறுபடியும் போர் பண்ண வேண்டியிருக்கும்.