புனைபெயரும் பொய்ப்பிறப்பும்: ஆசா கார்ட்டர் ஆவணப்படம் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

கல்லடி:
2011இல் வந்த 'தி ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் ஆஃப் ஆசா கார்ட்டர்' படத்தை வாசகர் வட்டத்தில் போடுகிறவர்கள், விளக்கை அணைக்குமுன் 1963 ஜனவரியைச் சொல்லிவிடுங்கள். அமெரிக்காவின் அலபாமா மாநில ஆளுநராகப் பதவியேற்ற ஜோர்ஜ் வொலஸ், இனப்பிரிப்பு என்றென்றும் இருக்கும் என்று முழங்கினார். அந்த உரையை எழுதிக்கொடுத்தவர் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானைச் சேர்ந்த ஆசா கார்ட்டர். இது தெரியாவிட்டால் படத்தின் கனம் பிடிபடாது. அதே ஆள்தான் 70களில் ஃபொரஸ்ட் கார்ட்டர் ஆகி, செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்த அநாதையின் உண்மைக் கதை என்று 1976இல் 'தி எஜுகேஷன் ஆஃப் லிட்டில் ட்ரீ'யை வெளியிட்டார்.

கல்முனை:
ஃபொரஸ்ட் என்ற பெயரையே கவனிக்க வேணும். நேதன் பெட்ஃபோர்ட் ஃபொரஸ்ட், கிளானின் முதல் தலைவர். பழைய விசுவாசத்தைப் புதுப்பெயருக்குள் ஒளித்திருக்கிறார். எங்கட பக்கத்துப் புனைபெயர்களை இதோடு சேர்க்கக் கூடாது. கவிஞர் சின்னத்துரை 'நீலாவணன்' ஆனபோது அவருடைய ஊரான பெரியநீலாவணை பெயரிலேயே தெரிந்தது. யுத்த காலத்தில் உயிருக்குப் பயந்து பெயரை மறைத்தவர்களும் தங்களுக்கு வேறு பிறப்பைக் கற்பிக்கவில்லை.

அக்கரைப்பற்று:
கல்முனைக் காக்கா (அண்ணன்) சொன்னது சரி. உள்ளூர் நூலாசிரியரின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்ப்பதென்றால் பதிப்புப் பக்கத்தில் தொடங்குங்கள். நூலுக்கான சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன்னில் 955 அல்லது 624 இலங்கைக்குரியது. 13 இலக்க எண் 2007இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1985 என்று அச்சிட்ட நூலில் 978 தொடங்கும் எண் இருந்தால் அது மறுபதிப்பு. பின்னட்டைக் குறிப்பு இடையில் மாறியிருக்கலாம், முதற்பதிப்பைத் தேடுங்கள். ஈழத்து நூல்களைச் சேர்த்து வைக்கும் 'நூலகம்' இணையத்தளத்தில் முதலெழுத்தோடு, அது இல்லாமல், புனைபெயரில் என்று மூன்று விதமாகத் தேட வேண்டும்.

ஒருவர் இறந்து 31ஆம் நாளில் வெளியிடும் நினைவு மலர் நல்ல சான்று. ஆனால் பிறந்த ஆண்டு அதில் பிசகும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டிக் குறைத்த தலைமுறை அது. ஓரிரு வருட வித்தியாசத்தைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள், பாவம். ஊரும் தாய் தகப்பனும் மாறினால்தான் மேலே போக வேண்டும். அப்போதும் பிறப்புப் பதிவைக் குடும்பத்தார் மூலமே பிரதேச செயலகத்தில் எடுங்கள்.

மட்டக்களப்பு நகர்:
ஆசா கார்ட்டரின் பொய் வெளிப்பட்டது 1991இல் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த ஆண்டு வரலாற்றாசிரியர் டான் டி. கார்ட்டர் நியூயோர்க் டைம்ஸில் எழுதிய பிறகுதான் நூல் அந்தப் பத்திரிகையின் விற்பனைப் பட்டியலில் அபுனைவிலிருந்து புனைவுக்கு மாறியது. ஆனால் ஆசாவும் ஃபொரஸ்டும் ஒரே ஆளா என்று அதே பத்திரிகை 1976இலேயே கேட்டுவிட்டது. ஃபொரஸ்ட் கார்ட்டர் மறுத்தார், 1979இல் செத்தும் போனார். பத்திரிகை பழந்தாளானது, புத்தகம் புதுப்பதிப்பில் ஓடியது. அதனால் நூலக நண்பர்களே, திருத்தத்தைப் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். தலைப்புப் பக்கத்தின் எதிர்ப்பக்கத்தில், ஓரத்தில் மட்டும் பசை தடவி ஒரு சிறு சீட்டு ஒட்டினால் போதும். முழுக்கப் பசை பூசினால் ஈரக் காலத்தில் தாள் சுருங்கும், பூச்சியும் வரும். சீட்டில் இயற்பெயர், பிறந்த ஊர், எந்த ஆதாரம், எந்தத் திகதியில் பார்த்தது என்பவை மட்டும் இருக்கட்டும். தீர்ப்பு எழுத வேண்டாம்.