மக்னீசியக் கலப்புலோகத்தின் வெப்பத் தாங்குதிறனை உயர்த்த எதைச் சேர்க்கலாம்?

கேள்வி: ஏஇசட்91 என்ற மக்னீசியக் கலப்புலோகத்தில் வார்த்த கியர்பெட்டி உறை 120 பாகை செல்சியசைத் தாண்டும்போது, போல்ட்டுகளின் இறுக்கம் தளர்வது ஏன்? தடுக்க வழி உண்டா?

மறுமொழி 1: அதிலுள்ள ஏறத்தாழ 9 விழுக்காடு அலுமினியம் மக்னீசியத்துடன் இணைந்து படிகமணிகளின் (உலோகத்தை ஆக்கும் நுண்படிகங்களின்) எல்லைகளில் உருவாக்கும் சேர்மம் அந்த வெப்பநிலையில் மென்மையாகிவிடுவதால், க்ரீப் எனப்படும் மெதுவான உருமாற்றம் தொடங்கி, போல்ட்டுகளின் இறுக்கம் தளர்கிறது. அலுமினியத்தை 6 விழுக்காடாகக் குறைத்து, 2 விழுக்காடு ஸ்ட்ரான்சியம் சேர்த்தால், அலுமினியத்தின் ஒரு பகுதி அதனுடன் பிணைந்து வெப்பத்தில் நிலைத்து நிற்கும் சேர்மமாகிறது. பிஎம்டபிள்யூவின் என்52 கார் என்ஜினுக்கு இக்கலவையே பயன்பட்டது.

மறுமொழி 2: 250 பாகை வரை தேவையெனில் இட்ரியம், நியோடிமியம் என்ற அருமண் உலோகங்கள் கொண்ட டபிள்யூஇ43 என்ற மக்னீசியக் கலப்புலோகம்தான் என் தேர்வு. அதில் படிகமணிகளை நுண்மையாக்கும் சிர்கோனியத்தை அலுமினியம் பிணைத்து வீணாக்கிவிடும் என்பதால், அலுமினியமே சேர்ப்பதில்லை. விலை மிக அதிகம். ஹெலிகாப்டர் கியர்பெட்டிகளுக்கே அது கட்டுப்படியாகும்.

கேட்டவர்: எங்கள் உறை 150 பாகையைத் தாண்டாது; எனவே ஸ்ட்ரான்சியக் கலவையையே முதலில் வார்த்துச் சோதிக்கிறோம். மிக்க நன்றி.